ஓசூரில் பசுமைக்குடிலுக்குக் கேஸ் லைன் இழுத்த கதை

ஓசூரில் செடிக்கு ஹீட்டரா என்று கேட்காத ஆள் இல்லை. நியாயமான கேள்விதான். அமுதகொண்டபள்ளிப் பக்கம் ஏக்கர் கணக்கில் ரோஜா போட்டிருப்பவர்கள் தீ மூட்டியா வளர்க்கிறார்கள்? இந்தக் குளிர் வேண்டும் என்றுதானே ரோஜாவே இங்கு வந்தது. ஆனால் என் வீட்டுக் கொல்லையில் இருப்பது ஃபலெனாப்சிஸ் ஆர்க்கிட்டும் ஆந்தூரியமும். இரண்டும் வெக்கை மண்ணின் செடிகள். சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற இந்த ஊரில் மார்கழி, தை விடியற்காலைகளில் 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். 15க்குக் கீழே போனால் ஆந்தூரியம் முகத்தைத் தொங்கப்போட்டுவிடும். ஆர்க்கிட்டுக்கு இரவில் 18 இருந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதைப் போடாமல்தான் ஹீட்டர் வாங்குகிறார்கள். குடில் 20 அடிக்கு 13 அடி. சுவர், கூரை எல்லாம் சேர்த்துப் பாலித்தீன் மூடிய பரப்பு 80 சதுர மீட்டர் வரும். ஒற்றைப் பாலித்தீன் ஷீட் என்றால், உள்ளே வெளியே ஒரு டிகிரி வித்தியாசத்துக்குச் சதுர மீட்டருக்கு ஆறரை வாட் வெப்பம் வெளியே ஓடும். ஆறு டிகிரி கூட்ட வேண்டுமென்றால் 80, ஆறரை, ஆறு மூன்றையும் பெருக்குங்கள்: 3,100 வாட். அதே குடிலுக்கு உள்பக்கம் இன்னொரு ஷீட் கட்டி நடுவில் காற்று நிற்கும்படி விட்டால் ஆறரை என்பது நாலாகக் குறையும். 1,900 வாட் போதும். ஷீட் விலை ஹீட்டர் விலையில் ஒரு மூலைக்குக் காணாது. ஆகவே கேஸ் ஆபீஸுக்குப் போகும் முன் ஷீட் கட்டினேன், கதவு இடுக்கை அடைத்தேன். சந்து வழியாகப் போகும் காற்றையும் சேர்த்து 4 கிலோவாட் ஹீட்டர் என்று முடிவானது.

கரண்ட் ஹீட்டர் ஏன் வேண்டாம் என்றால், இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். அதோடு, கரண்ட் போவது பெரும்பாலும் விடியற்காலையில்தான். சிலிண்டரா? வீட்டு சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. சட்டத்தை விட்டுக் கணக்கைப் பார்த்தாலும், 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கிற வெப்பம் சுமார் 18 கன மீட்டர் குழாய் கேஸுக்குச் சமம். குளிர் கடுமையான இரவில் இரண்டு கன மீட்டர் எரியும். ஒன்பது நாளுக்கு ஒரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்கு நடக்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது.

எங்கள் தெருவில் குழாய் ஏற்கெனவே வந்து, சமையலறைக்கு இணைப்பும் வாங்கியிருந்தேன். கூடுதலாக ஒரு முனை கேட்பது சுலபம் என்று நினைப்பீர்கள். விண்ணப்பத்தில் அடுப்புக்குக் கட்டம் இருக்கிறது, கீசருக்கு இருக்கிறது, கடைக்கு இருக்கிறது. செடிக்கு இல்லை. கவுன்டரில் இருந்த தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மேடம், பூ விக்கிறீங்களா?" என்றார். விற்கிறேன் என்றால் வணிகக் கட்டணம், மீட்டரே வேறு. விற்பதில்லை, என் வீட்டு மதிலுக்குள், என் சொந்த ஆசைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் இணைத்துக் கொடுத்தேன். அந்தக் காகிதம் மேலே போய் வருவதற்குள் ஐப்பசி மழையே ஓய்ந்துவிட்டது. கடைசியில் கீசர் கட்டத்தில் டிக் அடித்து, பக்கத்தில் 'ஹீட்டர்' என்று பேனாவால் எழுதி அனுமதித்தார்கள். நீங்கள் போனால் ஹீட்டர் மணிக்கு எவ்வளவு கேஸ் குடிக்கும் என்பதை முதல் நாளே எழுதிக்கொண்டு போங்கள். 4 கிலோவாட்டுக்கு மணிக்கு 0.4 கன மீட்டர். வீட்டு மீட்டர் மணிக்கு 2.5 வரை தாங்கும். அடுப்பும் ஹீட்டரும் ஒன்றாக எரிந்தாலும் தொல்லையில்லை. இந்த ஒரு வரியைக் காட்டிய பிறகுதான் சூப்பர்வைசர் வேறு கேள்வி கேட்பதை நிறுத்தினார்.

அடுத்த தடை பக்கத்து வீட்டுப் பெரியவர். குழாய் அவர் மதிலை ஒட்டிப் போக வேண்டும். "ஏம்மா, கேஸ் பைப்புன்னா நிலம் போயிரும்மா" என்றார். அவர் பயம் வெறும் பயமில்லை. கொச்சியிலிருந்து கூற்றநாடு வழியாகப் பெங்களூருக்குப் போகும் குழாய்க்காகத் தருமபுரி, கிருஷ்ணகிரி உட்பட ஏழு மாவட்டங்களில் வயல் நடுவே 20 மீட்டர் அகலத்துக்கு அளந்தார்கள். அதில் வீடு கட்டக்கூடாது, மரம் வைக்கக்கூடாது. விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள், 2013இல் மாநில அரசும் நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டு போகச் சொன்னது, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் குழாய் நிறுவனத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பாலக்கோட்டில் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். வாதாடிப் பயனில்லை என்று தெரிந்து, ஃபிட்டரையே கூட்டி வந்து விளக்கச் சொன்னேன். அந்தக் குழாய் ஊர்விட்டு ஊர் போகிற அழுத்தம் கூடிய குழாய்; தெருவில் ஓடுவதே அதில் சிறு பங்கு; மீட்டர் தாண்டி வீட்டுக்குள் வருவது 21 மில்லிபார், அதாவது ஒரு சாண் உயரத் தண்ணீர் கொடுக்கிற அழுத்தம். "ஒரு சாணா?" என்று விரலை விரித்துப் பார்த்தார். பிறகு அவர் பக்கம் ஆணி இறங்காது என்ற உத்தரவாதத்தில் சம்மதித்தார்.

மீட்டருக்குப் பிறகு மண்ணுக்கு அடியில் கொண்டு போக அவர்கள் சம்மதிக்கவில்லை. எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. இந்தக் கருங்கல் பூமியில் கடப்பாரை போட்டால் பொறிதான் பறக்கும். முக்கால் இஞ்ச் ஜிஐ பைப், மதிலில் கிளாம்ப் அடித்து, மஞ்சள் பெயின்ட் பூசி, குடில் வரை. குறுக்கே துணி துவைக்கும் கல்லுக்குப் போகும் நடைபாதை மட்டும் இடித்தது. அங்கே பைப்பைத் தலைக்கு மேலே தூக்கி வளைத்தார்கள். குடிலுக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் தனி வால்வு வைக்கச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் வைக்கமாட்டார்கள்.

சோதனையைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். காற்றை ஏற்றி, கேஜ் முள்ளைச் சாக்பீஸால் குறித்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள். திரும்பி வந்தபோது முள் மயிரிழை இறங்கியிருந்தது. சோப்பு நுரையைத் தூரிகையால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போனார் ஃபிட்டர். நடைபாதை வளைவின் எல்போவில் மட்டும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும், கடுகு அளவுக் குமிழ் ஒன்று எழும்பி உடைந்தது, மறுபடி எழும்பியது. கழற்றி, மரையில் டேப்பைப் புதிதாகச் சுற்றி முறுக்கியதும் முள் அசையவில்லை.

ஹீட்டர்தான் இதில் உயிர்நாடி. கடைக்காரர் கோழிக் குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் பண்ணை புரூடரைக் காட்டினார். மலிவு, ஆனால் புகை குடிலுக்குள்ளேயே போகும். கேஸ் எரிந்தால் கார்பன் டை ஆக்ஸைடும் தண்ணீரும் வரும். ஒரு கன மீட்டருக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர், ஆவியாக. அது இலையில் பனித்து உட்கார்ந்தால் சாம்பல் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு, எத்திலீன். காற்றில் கோடியில் ஒரு பங்கு எத்திலீன் இருந்தாலே ஆர்க்கிட் மொட்டு உதிரும். கீசரை வைத்து வெந்நீர் சுற்றவிடலாம் என்றால், நிறைய மாடல்கள் இருபது நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். அதனால் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியே தள்ளும் ஐரோப்பியச் சுவர் ஹீட்டரைப் பெங்களூரில் தேடிப் பிடித்தேன். ஐரோப்பாவில் குழாய் கேஸ் 20 மில்லிபார். நம் ஊரோடு கிட்டத்தட்ட ஒன்று, ஜெட் (கேஸ் பீறிடும் சிறு துளை முனை) மாற்ற வேண்டியதில்லை. சிலிண்டருக்கான ஹீட்டரை அப்படியே மாட்டினால் சுடர் சோனியாக எரியும், ஜெட் துளை சின்னது. கரண்ட் தேவையில்லாத மாடலாக, சுடர் அணைந்தால் தானே கேஸை நிறுத்துவதாகப் பார்த்து வாங்கினேன். பாலித்தீனில் துளை போட்டுப் புகைபோக்கியை விட்டால் உருகும் என்பதால் வடக்குப் பக்கம் செங்கல் சுவர் ஒன்று எழுப்பி அதில் பொருத்தினார் மேஸ்திரி.

தெர்மோஸ்டாட்டை 18இல் வைத்தால் நள்ளிரவு தாண்டித்தான் எரியத் தொடங்குகிறது, வெயில் ஏறியதும் நின்றுவிடுகிறது. மாசி பிறந்ததும் வெளி வால்வை மூடிவிடுவேன். மூடிய கையோடு புகைபோக்கி வாயில் கம்பி வலை கட்டிவிட வேண்டும். கோடையில் மண்குளவிக்கு அதைவிட நல்ல வீடு கிடைக்காது. கார்த்திகையில் வலையை எடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் பற்றவைக்கிறேன்.