மூன்றடி

“வாமன அவதாரமா?”

நாவலின் முதல் பக்கத்தில் ‘மூன்றடி’ என்ற தலைப்பைப் பார்த்ததும் அச்சகத்துக்காரர் கேட்டார். வலைப்பந்து என்றேன். முகம் மலர்ந்தது, அவருடைய மகளும் பாடசாலை அணியில் விளையாடுகிறாளாம். இரண்டு கிழமை கழித்துப் போனபோது அந்த மலர்ச்சியைக் காணவில்லை. நாவலின் தாள்கட்டை மேசையில் என் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

“நல்ல கதை, தங்கச்சி. இரண்டு பேரில் ஒருத்தியைப் பையனாக மாற்றிவிடுங்கள். நாளைக்கே அச்சடிக்கலாம்.”

என் நாவலில் கௌரியும் நிலாவும் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பத்தொன்பது வயதுக்காரிகள். கௌரி திருகோணமலை நகர அணியின் ஜீ.எஸ்., அதாவது கோல் போடுகிறவள். தம்பலகாமத்துக்காரி நிலா எதிரணியின் ஜீ.கே., அவளைத் தடுக்கிறவள். வலைப்பந்தில் இந்த இருவரும் மைதானத்தின் மூன்றில் ஒரு பங்கை விட்டு வெளியே போகக்கூடாது. 15 நிமிடப்படி நான்கு பகுதிகள், முழு ஆட்டமும் ஒருத்தி முகத்தில் மற்றவள் விழித்துக்கொண்டேதான் நிற்க வேண்டும். பந்து வைத்திருப்பவளிடமிருந்து தடுப்பவள் 3 அடி தள்ளி நிற்க வேண்டும். இடிக்கவோ தள்ளவோ கூடாது. பந்தை 3 விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கவும் கூடாது. காதல் கதை எழுத வந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? நிலாவைப் பையனாக்கினால் அவன் மைதானத்துக்கு வெளியே நின்று விசிலடிக்கத்தான் முடியும். அப்படிப்பட்ட நாவல்கள் நம்மிடம் போதுமான அளவு இருக்கின்றன.

கட்டைத் தூக்கிக்கொண்டு மக்கெய்சர் மைதானப் பக்கமாக நடந்தேன். வழக்கம்போல மான்கள் நடுவீதியில் நின்றன. ஒன்று அருகில் வந்து காகித உறையை முகர்ந்து பார்த்தது. அன்று அதை ஆர்வமாக முகர்ந்த ஒரே உயிர் அதுதான்.

அச்சகத்துக்காரரின் பயத்தை முழுவதும் குறை சொல்ல மாட்டேன். தெரிந்த சட்டத்தரணி அக்கா ஒருவரிடம் கேட்டேன். 1883இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையில், ஒரே பாலினத்தார் உறவுகொள்வதைக் குற்றமாக்கும் 365, 365அ என்ற பிரிவுகள் இருக்கின்றன. 365அ ஆண்களை மட்டுமே குறிவைத்து இருந்தது. 1995இல் அதைத் திருத்தியபோது பெண்களும் அதற்குள் வந்துவிட்டார்கள். சமத்துவம் எங்களைத் தேடிவந்த வழி இது! இவற்றை மாற்றும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணாகாது என்று 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் சொன்னது. சொன்னதோடு நிற்கிறது. “ஆனால் இவை செயலைத் தண்டிக்கிற பிரிவுகள், கதை எழுதுவதைத் தடுப்பவை அல்ல” என்றார் அக்கா. ஆபாசப் பிரசுரங்களுக்கென்று 1927ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் ஒன்று தனியாக உண்டு. என் நாவலில் மிஞ்சிப்போனால் ஒரு கைபிடித்தல். அக்கா சிரித்துவிட்டார்.

வெளியூர் அச்சகம் ஒன்று சம்மதித்தது. அங்கே வேறு வில்லங்கம். நான் யுனிகோடில் எழுதியிருந்தேன், அவர்களுடைய கணினிக்கு பாமினி எழுத்துருதான் தெரியும். மாற்றி அனுப்பினார்கள். புத்தகம் முழுவதும் கௌரி ‘கெளரி’ ஆகியிருந்தாள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், கணினிக்கு வேறு வேறு. தேடினால் கிடைக்க மாட்டாள். 176 பக்கம், அச்சகக் கணக்கில் 11 பாரம். என் நாயகியை ஒவ்வொரு வரியாகக் கையால் தேடிப் பிடித்தேன். ஐ.எஸ்.பி.என். எண்ணுக்குக் கொழும்பு தேசிய நூலகத்துக்கு விண்ணப்பித்ததில் தொல்லை எதுவும் இல்லை. வகை என்ற இடத்தில் ‘நாவல்’ என்று எழுதினேன், அவ்வளவுதான்.

சொல் தேடுவதுதான் உண்மையான பாடு. ‘தன்பாலீர்ப்பு’ என்ற சொல்லைக் கட்டுரையில் எழுதலாம். தம்பலகாமம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண் தன்னைப் பற்றி அப்படியா நினைப்பாள்? கடைசியில் அந்தச் சொல்லை நாவலில் ஓரிடத்திலும் எழுதவில்லை. ‘அவள் தடுக்க வந்தால் எனக்குக் கோல் விழுவதில்லை’ என்று கௌரி சொல்கிறாள். அதுவே போதுமாக இருந்தது.

மெய்ப்புத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் விட்டுவிட்டு ஒருநாள் உப்புவெளிக்குப் போயிருந்தேன். அம்மா படிப்பார் என்று நினைக்கவில்லை. அவர் அந்தக் காலத்தில் வலைப்பந்து அணியின் சென்டர், நடுவில் ஆடுகிறவர். இலங்கை வலைப்பந்து அணியில் தர்ஜினி சிவலிங்கம் ஆடிய காலத்தில் அடுப்பை அணைத்துவிட்டுத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தவர். 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்ற அன்று அயல்வீடுகளுக்கெல்லாம் கேசரி கொடுத்தார். நாவலைப் பற்றியோ என்னைப் பற்றியோ அதுவரை எதுவும் கேட்டதில்லை.

திரும்பி வந்தபோது தாள்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அம்மா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். இரவு புரட்டிப் பார்த்தேன். நான்கு இடங்களில் பென்சில் குறிப்பு, நான்கும் விளையாட்டுப் பிழைகள். ‘பந்தோடு ஓட முடியாது’ என்று ஒன்று. ‘இந்த இடத்துக்கு டபிள்யூ.டி. வரக்கூடாது’ என்று இன்னொன்று; டபிள்யூ.டி. என்றால் ஓரத்தில் நின்று தடுக்கிறவள்.

கடைசிக் குறிப்பு 112ஆம் பக்கத்தில். இறுதி ஆட்டம். நிலா 3 அடிக்குள் வந்துவிடுகிறாள், நடுவர் ஊதுகிறார், கௌரிக்குத் தண்ட எறிதல். நிலா தலைகுனிந்து கோட்டுக்கு வெளியே போய் நிற்பதாக எழுதியிருந்தேன். அம்மா அந்த வரியை மெல்லிய கோடு போட்டு வெட்டியிருந்தார். ஓரத்தில், அவருடைய குண்டு எழுத்தில்:

‘வெளியே அனுப்ப மாட்டார்கள். பிழை விட்டவள் பக்கத்திலேயே நிற்க வேண்டும். பந்து மற்றவளின் கையை விட்டுப் போகும்வரை அசையக்கூடாது.’

அந்தப் பக்கத்தை மட்டும் திரும்ப எழுதிக் காலை பஸ்ஸில் அச்சகத்துக்கு அனுப்பினேன்.