பத்து கிலோமீட்டர் தெரியும், பார்க்கத்தான் ஒன்றுமில்லை

விமானப் பயிற்சியாளராக இருந்தபோது என் மாணவர்கள் மழைக்கும் மேகத்துக்கும் பயப்படுவார்கள். எனக்குப் பயம் நிலா இல்லாத தெளிவான இரவுதான், அதிலும் கடலைப் பார்த்துக் கிளம்புவது. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்துக்காரனுக்கு அந்த இருட்டு எப்படிப்பட்டது என்று தெரியும்.

வெளியே கண்ணால் பார்த்து ஓட்டுவதை விஎஃப்ஆர் என்பார்கள். பத்தாயிரம் அடிக்குக் கீழே என்றால் 5 கிலோமீட்டர் தூரமாவது தெரிய வேண்டும். இந்தியாவில் இருட்டிய பிறகு பொதுவாக இதற்கு அனுமதி கிடையாது. விமானப் போக்குவரத்தைக் கவனிக்கும் கன்ட்ரோல் சம்மதித்தால் உள்ளூர்ப் பறப்புக்கும் பயிற்சிக்கும் விலக்கு உண்டு. அமெரிக்காவில் இரவிலும் இது சாதாரணம். அங்கே பயிற்சி முடித்து வந்த அக்கா மகன் கேட்டான்: "பத்து கிலோமீட்டர் விசிபிலிட்டி இருக்கு மாமா, அப்புறம் என்ன பயம்?"

அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். விசைப்படகுகள் தொழிலுக்குப் போயிருந்த இரவு. வடகடலில் வானம் எங்கே தொடங்குகிறது, காட்டு என்றேன். விரலை நீட்டினான். அவன் நட்சத்திரம் என்று கணக்கில் வைத்த ஒன்று கொஞ்ச நேரத்தில் மெல்ல நகர ஆரம்பித்தது.

மேலே போனால் இது இன்னும் மோசம். கிட்டத்துப் படகின் விளக்கு தாழ்வாகத் தெரியும், தூரத்துப் படகு உயரமாகத் தெரியும். அந்த வரிசை சாய்வாக இருக்கும். அதை அடிவானம் என்று நம்பி இறக்கையை அதற்குச் சமமாக வைத்தால், விமானம் சாய்ந்து திரும்ப ஆரம்பிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் அந்த விளக்குகளும் இருக்காது. வானிலை அறிக்கை இரண்டு இரவுக்கும் ஒரே மாதிரி 'தெளிவு' என்றுதான் சொல்லும். எவ்வளவு தூரம் தெரியும் என்று அதில் இருக்கும். பார்க்க ஏதாவது இருக்கிறதா என்று இருக்காது.

சரி, ஏன் கிளம்பும்போது மட்டும் இத்தனை கவலை? ஓடுபாதை விளக்கு பின்னால் போனதும் கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் துணி போர்த்திய மாதிரி ஆகிவிடும். விமானம் அப்போதும் வேகமெடுத்துக்கொண்டிருக்கும். உடம்பின் சமநிலையை உணரும் உள்காது, அந்த உந்துதலை விமானத்தின் மூக்கு மேலே தூக்குவதாக எடுத்துக்கொள்ளும். மூக்கை இறக்க, கை தன்னால் கட்டுப்பாட்டுக் கம்பியை முன்னே தள்ளும். கீழே இருப்பது சில நூறு அடிதான். மெதுவாகச் சாய்ந்தாலோ காதுக்கு உறைக்கவே உறைக்காது. 1954-இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில், கருவி பார்த்து ஓட்டத் தெரியாத 20 பேரைச் சோதித்தார்கள். வெளிப்பார்வை போன பிறகு அவர்கள் கட்டுப்பாட்டை இழக்க ஆன சராசரி நேரம் 178 விநாடி.

அமெரிக்காவில் சான் டியேகோ அருகே பிரவுன் ஃபீல்டு என்ற விமான நிலையம். 1991 மார்ச்சில் நள்ளிரவு தாண்டி ஒரு ஜெட் அங்கே விஎஃப்ஆரில் கிளம்பியது. கருவி வழிப் பறப்புக்கான அனுமதியை மேலே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று திட்டம். ஓட்டாய் மலையில் மோதி 10 பேர் இறந்தார்கள். 2004-இல் இன்னொரு ஜெட், அதே இடம், இரவு, விஎஃப்ஆர், அதே மலை. 5 பேர். தரையில் அனுமதிக்குக் காத்திருக்கச் சலித்துக்கொள்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

"நம்ம ஊர்ல மலையே இல்லையே மாமா" என்றான். மும்பையிலும் அன்று மலை குறுக்கே வரவில்லை. 1978 புத்தாண்டு இரவு, ஏர் இந்தியாவின் 747 கடல் மேல் ஏறியது. அது விஎஃப்ஆர் இல்லை, அனுபவசாலிகள் ஓட்டிய விமானம். விமானம் எப்படிச் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் செயற்கை அடிவானக் கருவி, கேப்டன் பக்கத்தில் தவறாகக் காட்டியது. வெளியே பார்த்துச் சரிபார்க்க அடிவானம் இல்லை. இரண்டு நிமிடத்துக்குள் பாந்த்ரா கடலில் விழுந்து 213 பேர் போய்விட்டார்கள். இந்தக் கதைக்கு அவனிடம் பதில் இல்லை.

என் மாணவர்களுக்கு நான் வைத்த கட்டாயம் கொஞ்சம்தான். சக்கரம் தரையை விட்டதும் கண் உள்ளே வந்துவிட வேண்டும். செயற்கை அடிவானம், ஏறும் வேகம், உயரம் மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆயிரம் அடி வரை நேரே ஏற வேண்டும். திரும்பக் கூடாது, குனிந்து அலைவரிசை மாற்றக் கூடாது, டேப்லெட்டைத் தொடக் கூடாது. அந்த நேரத்தில் கன்ட்ரோல் கூப்பிட்டால் 'ஸ்டாண்ட்பை', அதாவது பொறுங்கள் என்று ஒரு வார்த்தை போதும். அதற்காகக் கோபித்துக்கொண்ட கன்ட்ரோலரை நான் பார்த்ததில்லை.