பத்து வருஷம் எட்டாத கடலூர்

புதுச்சேரி பேருந்து நிலையத்திலிருந்து கடலூருக்குச் சுமார் 25 கிலோமீட்டர். நெரிசல் இல்லையென்றால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம். பெரியப்பா வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பதால் சின்ன வயதிலிருந்தே இந்தச் சாலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், பெரும்பாலும் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு. இந்த முறை தூங்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். பாரதியார் 1908-ல் புதுச்சேரிக்குள் வந்தார். வெளியே போனது 1918-ல். நடுவில் பத்து வருஷம், கடலூர் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் அவர் அங்கே காலெடுத்து வைக்க முடியவில்லை. வைத்தபோது பிடித்துக்கொண்டார்கள். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கும் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கடலூருக்கும் நடுவே இருந்த அந்த எல்லையை ஒரு தடவையாவது கண் விழித்துக் கடக்க வேண்டும் என்றுதான் கிளம்பினேன்.

காலையில் முதல் வேலையாக ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் குடியிருந்த வீட்டுக்குப் போனேன். இப்போது அது அரசு அருங்காட்சியகம். உள்ளே படங்களைப் பார்த்தபடி நடக்கும்போது எனக்கு ஒன்றுதான் மனத்தில் ஓடியது. சென்னையில் 'இந்தியா' பத்திரிகையின் சட்டப்படியான ஆசிரியரை வெள்ளையர் அரசு 1908-ல் கைது செய்தது. அடுத்து பாரதி என்று எல்லாருக்கும் தெரியும். நண்பர்கள் சொல்லி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். வந்த வேகத்தில் அதே பத்திரிகையை இங்கிருந்து அச்சிடத் தொடங்கிவிட்டார். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அதற்குத் தடை போட்டார்கள். வாசகர்கள் முழுக்க எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்க, பத்திரிகை இந்தப் பக்கம். 1910-ல் அது நின்றுபோனது. பத்திரிகை நின்ற பிறகுதான் பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் பிறந்தன. அந்த வீட்டில் நிற்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே 1910 ஏப்ரலில் அரவிந்தர் கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தார். கலவை சங்கரச் செட்டியார் வீட்டு மாடியில் தங்கவைத்தார்கள். அக்டோபரில் வ.வே.சு. ஐயர் வந்தார். லண்டனுக்கு பாரிஸ்டர் படிப்புக்குப் போனவர், அங்கே புரட்சிக்காரர்களோடு சேர்ந்ததால் தேடப்பட்டார். தாடி வளர்த்து, சீக்கியர் மாதிரி தலைப்பாகை கட்டிக்கொண்டு தப்பி வந்தார். பெட்டியில் வி.வி.எஸ். என்று எழுத்துகள். துப்பறிய வந்தவன் அதைப் பார்த்துச் சந்தேகப்பட, என் பெயர் வீர விக்ரம் சிங் என்று சொல்லிச் சமாளித்தாராம். இந்தக் கதையைப் பெரியப்பாதான் எனக்கு முதலில் சொன்னார். பத்து வயதில் கேட்டது, இன்னும் மறக்கவில்லை.

அடுத்த வருஷம் 1911 ஜூன் 17. மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தானும் சுட்டுக்கொண்டு இறந்தார். வாஞ்சிக்குத் துப்பாக்கிப் பயிற்சி கொடுத்தது புதுச்சேரியில் ஐயர்தான் என்பது நம் ஊரில் எல்லாரும் அறிந்த செய்தி. அதன் பிறகு இங்கே இருந்தவர்களின் வாழ்க்கை நரகமாகிவிட்டது. ஒற்றர்கள் தெருத்தெருவாக வந்து குடியேறினார்கள். யார் வீட்டுக்கு யார் போகிறார்கள், எந்தக் கடிதம் எங்கே போகிறது என்று எல்லாமே கண்காணிப்பில் இருந்தது.

அந்த நாட்களில் நடந்த ஒரு சம்பவத்தை நான் யாரிடம் சொன்னாலும், நிஜமா என்று கேட்கிறார்கள். நிஜம்தான். ஐயர் வீட்டு வேலைக்காரம்மா கிணற்றில் தண்ணீர் இறைக்கிறார். வாளியோடு ஒரு ஜாடி மேலே வருகிறது. திறந்தால் ராஜத்துரோகத் துண்டுப் பிரசுரங்கள், காளி படம் எல்லாம். ஐயர் வைத்ததல்ல. இரவோடு இரவாக யாரோ போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், சோதனை வரும்போது கையும் களவுமாகப் பிடிபடட்டும் என்று. அந்த நேரத்தில் நம்மில் பலர் ஜாடியை எரித்திருப்போம், இல்லையென்றால் வேறு எங்காவது புதைத்திருப்போம். பாரதி சொன்ன யோசனை வேறு. நாமே போய் பிரெஞ்சு போலீஸில் சொல்லிவிடுவோம் என்றார். அப்படியே செய்தார்கள். விசாரணைக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி அரவிந்தர் வீட்டையும் சோதனை போட்டார். அங்கே கிரேக்க, லத்தீன் புத்தகங்கள் இருப்பதைப் பார்த்து, இவ்வளவு படித்தவரா என்று அசந்து, மரியாதையோடு திரும்பிப் போனார். கவிஞர்களுக்கு உலகம் தெரியாது என்று சொல்பவர்களிடம் இந்தக் கிணற்றுக் கதையைத்தான் சொல்வேன்.

சரி, அதோடு விட்டார்களா? வெளியூரிலிருந்து வந்தவர்கள் புதுச்சேரியில் இருக்க வேண்டுமென்றால் ஐந்து கௌரவ மாஜிஸ்திரேட்டுகளின் கையெழுத்து வேண்டும் என்று ஒரு ஆணை வந்தது. சங்கரச் செட்டியார் தானும் கையெழுத்துப் போட்டு, மற்ற நான்கு பேரிடமும் வாங்கிக் கொடுத்தார். அந்த ஐந்து உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் வெள்ளைக்கார அரசின் பகைக்கு அஞ்சாமல் போட்ட கையெழுத்து இல்லையென்றால் மேலே சொன்ன பாட்டுகளில் எத்தனை நமக்குக் கிடைத்திருக்கும்? பாரதிக்குச் சிலை வைத்திருக்கிறோம், பூங்காவுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். செட்டியார் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

மதியம் கடலூர் பஸ் பிடித்தேன். முதலியார்பேட்டை தாண்டும்போது ஏ.எஃப்.டி. பஞ்சாலையின் நீண்ட சுவர். ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட மில், 2020-ல் மூடிவிட்டார்கள். பிரெஞ்சு ஆட்சி எல்லாருக்கும் நிழலாக இருந்தது என்று நான் எழுதிவிடக் கூடாது என்பதற்காகவே இந்தச் சுவரைச் சொல்கிறேன். 1936 ஜூலை 30 அன்று, வேலைநிறுத்தம் செய்த பஞ்சாலைத் தொழிலாளிகள் மீது இங்கே இன்னொரு பஞ்சாலையான சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் செத்தார்கள். அப்போது பாரிஸில் ஆண்டது லெயோன் பிளூமின் மக்கள் முன்னணி அரசு, தொழிலாளர்களின் ஓட்டில் வந்த அரசு. அந்த அரசின் கீழ்தான் இது நடந்தது. தலைவர் வ. சுப்பையாவும் தொழிலாளிகளும் விடவில்லை. 1937-ல் எட்டு மணி நேர வேலை இங்கே சட்டமானது. பாரதியைக் காப்பாற்றிய அதே கொடிதான் நெசவாளியைச் சுட்டது. இரண்டையும் சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம் தாண்டி கன்னியக்கோயில். பக்கத்தில் நின்ற கண்டக்டரிடம், பழைய பிரெஞ்சு எல்லை எங்கே என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பழசெல்லாம் தெரியாதுங்க. இப்போதைக்கு முள்ளோடைதான்" என்றார். முள்ளோடையில் வரிசையாக மதுக்கடைகள். அதைத் தாண்டியதும் தமிழ்நாட்டு போலீஸ் சோதனைச் சாவடி. எங்கள் பஸ்ஸில் ஒருவர் ஏறி இரண்டு பைகளைத் திறந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அவ்வளவுதான். ஒரு நிமிஷம் ஆகியிருக்குமா? நான் கண்ணை இமைக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

1918 நவம்பர் 11-ல் முதல் உலகப் போர் முடிந்தது. போர் நடந்த காலத்தில் பிரான்ஸும் பிரிட்டனும் ஒரே அணி. புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்த இவர்களை அல்ஜீரியாவுக்கு அனுப்பிவிடலாம் என்றுகூடப் பேச்சு அடிபட்டது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டு இருந்த பாரதி, போர் முடிந்த ஒன்பதாவது நாள், நவம்பர் 20 அன்று கிளம்பிவிட்டார். கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். அவருக்குத் தெரியாமல் நடந்ததாக நான் நினைக்கவில்லை. பத்து வருஷமாக ஒற்றர்களின் நிழலில் வாழ்ந்த மனிதருக்கு, எல்லையில் யார் நிற்பார்கள் என்று தெரியாதா? தெரிந்தே போனார் என்றுதான் நம்புகிறேன். அப்போது அவருக்கு வயது 35.

பெரியப்பா திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்துக்கே ஸ்கூட்டரில் வந்திருந்தார். "வீட்டுக்கு அப்புறம் போகலாம். வா, மொதல்ல மலைக்குப் போயிட்டு வந்துடலாம்" என்றார். கேப்பர் மலை என்பது மலை இல்லை, செம்மண் மேடு. மேலே மத்திய சிறை. பெரியப்பா வெளிச்சுவரைக் காட்டி, பாரதி இருந்த சிறை என்று தன் அப்பா இங்கே கூட்டிவந்து காட்டியதைச் சொன்னார். அவர் குரல் அடங்கியிருந்தது. உள்ளே போக நமக்கு அனுமதி இல்லை. சாலையோரம் நின்று பார்த்தோம். கைதிகளைப் பார்க்க வந்த பெண்கள் இரண்டு பேர் துணிப்பைகளோடு ஒரு மரத்தடியில் காத்திருந்தார்கள்.

கடலூர் சிறையில் பாரதி மூன்று வாரத்துக்கு மேல் இருந்தார். அன்னி பெசன்ட், சி.பி. ராமசாமி ஐயர் போன்றவர்கள் பேசி, டிசம்பர் 14 அன்று விடுதலை கிடைத்தது. அரசியலில் இறங்குவதில்லை, திருநெல்வேலிப் பக்கத்தில்தான் இருப்பேன் என்ற நிபந்தனைகளோடு. அவர் மனைவியின் ஊரான கடையத்துக்குப் போனார்கள். அதற்கு ஒப்புக்கொண்டதைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. சொந்த மண்ணில் நடக்க வேண்டும் என்று ஒரு மனிதன் எவ்வளவு ஏங்கியிருந்தால் அதற்குச் சம்மதித்திருப்பான் என்றுதான் தோன்றுகிறது. மூன்று வருஷம்கூட ஆகவில்லை, 1921 செப்டம்பரில் சென்னையில் இறந்துபோனார். ஐயர் 1920-ல் பொதுமன்னிப்பு வந்த பிறகு திரும்பினார். 1925-ல் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றக் குதித்து இரண்டு பேருமே போனார்கள். அரவிந்தர் மட்டும் எல்லையைத் தாண்டவே இல்லை. 1950-ல் இறக்கும்வரை புதுச்சேரிதான்.

இதையெல்லாம் பெரியப்பாவோடு பேசிக்கொண்டே நின்றதில் இருட்டிவிட்டது. மரத்தடியில் இருந்த பெண்கள் எப்போது போனார்கள் என்று கவனிக்கவில்லை. வீட்டில் பெரியம்மா சுட்ட தோசையைச் சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணி பஸ்ஸில் ஏறினேன். முள்ளோடையில் இந்தத் தடவை யாரும் பஸ்ஸை நிறுத்தவில்லை.