தடுமாற்றத்தின் காரணம் குளம்புப் பிளவுக்குள் இருந்தது

எங்கள் பஞ்சகல்யாணிக் குதிரையின் விறைப்புக்கும் தடுமாற்றத்துக்கும் காரணம் கிடைத்துவிட்டது. தோள்பட்டையில் குறையில்லை, முழங்காலில் குறையில்லை, சேணத்திலும் இல்லை. இரண்டு முன்குளம்புகளிலும், அடிப்புறத்து முக்கோணச் சதையின் நடுப்பிளவில் ஆழமாக இறங்கியிருந்த அழுகல்தான் முதல் காரணம். முன்னால் நீண்டு வளர்ந்துபோன குளம்பு முனை இரண்டாவது. இன்று காலை ஆழியாறு பக்கத்து மண்பாதையில் ஒருமுறைகூட முன்னால் சரியாமல் டிராட் (மிதமான ஓட்டம்) ஓடினாள். அந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

மார்வாரிக் கலப்பு, பதின்மூன்று கை (ஒரு கை நான்கு அங்குலம்) உயரம், நல்ல மனசுள்ள மட்டக்குதிரை. லாயத்திலிருந்து வெளியே வந்ததும் முதல் சில நிமிடங்கள் முன்னங்கால்களைக் குட்டையாக எடுத்து வைப்பாள். சூடேறியதும் கொஞ்சம் இளகும். ஆனால் இறக்கத்திலும் சரளைக்கல் பாதையிலும் முன்முனை தட்டி முழங்கால் மடங்கும். புல்தரையில் பரவாயில்லை, தார்ச்சாலையில் மோசம். இந்த வேறுபாடு ஒன்றே குளம்பைப் பார் என்று சொல்லிவிடும். இருந்தாலும் மற்றவற்றை ஒவ்வொன்றாகக் கழிக்காமல் குளம்பின்மேல் கை வைக்க எனக்கு மனமில்லை.

பார்த்தவர்கள் எல்லோரும் ஒரு காரணம் சொன்னார்கள். "சுழி பார்த்து வாங்கியிருக்கலாமே தம்பி" என்றார் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். சுழியை வைத்துக் குதிரையின் தலையெழுத்தைச் சொல்லி நல்ல குதிரைகளை ஒதுக்கிவிடுவது எனக்குச் சற்றும் பிடிக்காத பழக்கம். வலிக்கிற விலங்கை ராசியில்லாத விலங்கு என்று முத்திரை குத்திவிட்டால் அதன் காலைத் தூக்கிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

கழித்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சேணத்தையும் ஆளையும் இறக்கிவிட்டுக் கையில் பிடித்து ஓட்டினாலும் அதே குட்டை நடை. ஆகவே சேணம் மூலகாரணம் அல்ல. வாலைப் பக்கவாட்டில் இழுத்தும், பின்னோக்கி நடத்தியும், இறுக்கமான வட்டத்தில் திருப்பியும் பார்த்ததில் பின்னங்கால்கள் குழப்பமில்லாமல் குறுக்கே விழுந்தன. நரம்புக் கோளாறுக்கான அறிகுறி இல்லை. ஈக்கள் பரப்பும் இரத்த ஒட்டுண்ணி நோயான சர்ரா நம் பக்கத்திலும் உண்டு என்பதால் இரத்தம் எடுத்துப் பார்த்தோம், அதுவும் இல்லை. தசைநார்கள் குளிர்ச்சியாக, வீக்கமில்லாமல் இருந்தன. கொள்ளு அதிகமாகிக் குளம்பு அழற்சி வந்திருக்குமோ என்று பயந்தேன். அதற்குக் குளம்பில் சூடும், குளம்புக்கு மேலே இரு ஓரங்களிலும் ஓங்கி அடிக்கும் நாடியும் இருக்க வேண்டும். இரண்டும் இல்லை.

எல்லோரையும் ஏமாற்றியது தலை அசையாததுதான். ஒரு முன்னங்கால் வலித்தால், அந்தக் கால் தரையில் படும்போது குதிரை தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது இறக்கும். இது நமக்குத் தெரிந்ததுதான். இரண்டு கால்களும் ஏறக்குறைய ஒரே அளவில் வலித்தால் அது தலையை ஆட்டி எதைக் காட்டும்? ஆட்டாது. நடை குட்டையாகும், அவ்வளவுதான். அதைப் பார்ப்பவர்கள் தோள் இறுக்கம் என்றோ சோம்பேறித்தனம் என்றோ சொல்லிவிடுவார்கள்.

எனக்கு வழி திறந்தது குளம்பு தரையில் இறங்கும் விதத்தைப் படம் பிடித்தபோது. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்கு அலுக்காது. கொப்பரை காயப்போடும் சிமென்ட் களம்தான் இதற்குச் சரியான இடம். சமதளமாக, தூசி இல்லாமல் கூட்டியிருக்க வேண்டும். கைப்பேசியைத் தரையோடு தரையாக, குளம்பின் உயரத்தில், நேர் பக்கவாட்டில் வைக்க வேண்டும். நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் எல்லாக் குளம்பும் தட்டையாக இறங்குவதுபோலத்தான் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் எடுத்தால் குளம்பின் அடியில் வெளிச்சம் நுழைந்து, எந்த ஓரம் முதலில் நிழலைத் தொடுகிறது என்பது துல்லியமாகத் தெரியும். வேகத்தைக் குறைத்துப் பதிவு செய்யும் வசதி போதும், தனிக் கருவி எதுவும் வேண்டாம். கயிற்றை இறுக்காமல், அவள் தன் போக்கில் நடக்கும்படி ஒருவர் கூட்டிப்போக வேண்டும். தலையைத் தூக்கிப் பிடித்தால் நடையே மாறிவிடும்.

நலமான குளம்பு பின்பகுதி முதலில் பட்டு, அல்லது மிகச் சமமாக, தரையில் இறங்கும். இவளுடைய இரண்டு முன்குளம்புகளும் முனையை முதலில் குத்தி, அப்புறம்தான் பின்பகுதியை மெதுவாக இறக்கின. பின்பகுதி வலிக்கிறது, அதனால் முனையில் இறங்குகிறாள். முனையில் இறங்குவதால் சின்னக் கல்லும் தடுக்குகிறது. விறைப்பு, குட்டை நடை, இறக்கத்தில் தடுமாற்றம் ஆகிய மூன்றும் அந்தச் சில நொடிப் படத்தில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன.

கால்நடை மருத்துவர் குளம்புக் கிடுக்கியால் அழுத்திப் பார்த்தார். முன்பகுதியில் அசையவில்லை, பின்பகுதியைக் குறுக்காக அழுத்தியதும் காலைப் பறித்துக்கொண்டாள். பிறகு இடக்காலின் பின்பகுதிக்கு மட்டும் மரத்துப்போகும் ஊசி போட்டார். பத்து நிமிடம் கழித்து ஓட்டினோம். அதுவரை அசையாத தலை இப்போது வலக்கால் படும்போதெல்லாம் மேலே எழும்பியது! ஒரு காலின் வலி மறைந்ததும் மறுகாலின் வலி வெளியே வந்துவிட்டது. எக்ஸ்ரேயில் எலும்புகள் சுத்தம். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அப்புறம் பிளவு. அது கட்டைவிரல் பதியும் அளவு அகலமாக, ஆழமில்லாமல் இருக்க வேண்டும். இவளுக்கு மேலே பார்த்தால் ஒரு கோடுதான். பஞ்சு சுற்றிய குச்சியை மெல்ல நுழைத்தால் பஞ்சு முழுதும் உள்ளே போய்விட்டது. வெளியே எடுத்தபோது கறுப்புக் கசிவும் அந்த நாற்றமும். மேலோட்டமாகக் கழுவினால் நீர் எட்டாத ஆழம் அது. மழைக்காலம் முழுக்க ஈரத்தரையில் நிற்கும் குதிரைகளுக்கு இது வரும். ஆகவே உங்கள் குதிரையின் பிளவையும் இன்றே பார்த்துவிடுங்கள்.

மருந்து எளிது, பொறுமைதான் கடினம். உப்புநீரில் கழுவி, நன்றாக உலர்த்தி, துத்தநாகக் களிம்பில் மயில்துத்தத்தைக் கொஞ்சமாகக் குழைத்து, பஞ்சுத்திரியில் தடவிப் பிளவுக்குள் வைக்கிறேன். மயில்துத்தத்தை அப்படியே கொட்டச் சொல்பவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். உயிர்ச்சதையை அது எரித்துவிடும், வலி இன்னும் கூடும். உரக்கடையில் விவசாயத்துக்கு விற்பது கட்டியாக இருக்கிறது. நாட்டு மருந்துக்கடையில் பொடியாகவே கிடைத்தது.

தரையையும் மாற்றினேன். இந்தப் பக்கத்தில் தென்னை நார்க்கழிவு மலிவாகக் கிடைக்கும் என்பதால் பலர் அதையே பரப்புகிறார்கள். ஈரத்தைப் பஞ்சைவிட மோசமாகப் பிடித்துவைக்கும் அதைக் குளம்புக்கு அடியில் போடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சாய்வாகப் பாவிய கல்தரை, மேலே தினமும் மாற்றும் வைக்கோல், வெளியே கூழாங்கல் பரப்பிய ஒரு மூலை. இதுவே போதும்.

முனையைக் குறைப்பது தனி வேலை. மாட்டுக்கு லாடம் அடிக்கக் கைதேர்ந்தவர்கள் இங்கே நிறைய உண்டு, குதிரைக்கு ஆள் குறைவு. முன்பு வந்தவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து, முனையைத் தொடாமல் பின்பகுதியை மட்டும் சீவிவிட்டுப் போவார். முனை நீள நீளப் பின்பகுதியும் முன்னோக்கிச் சரிந்து நசுங்கும், குளம்பு தரையை விட்டு எழுவதும் தாமதமாகும். இப்போது லாடத்தைக் கழற்றிவிட்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை நானே அரத்தால் முனையின் ஓரத்தைச் சரிவாகத் தேய்க்கிறேன். குளம்பின் அடித்தட்டைத் தொடுவதில்லை. இரும்புக்கடை அரம் மரத்துக்குத்தான் ஆகும், குளம்பில் வழுக்கும். குளம்புக்கென்றே செய்த அகல அரம் ஒன்றை வடக்கிலிருந்து வரவழைத்தேன். ஒருபக்கம் கரடு, மறுபக்கம் நைசு. கையில் எடுத்ததும் வேலையே மாறிவிட்டது. கான்பூர் சேண வியாபாரிகளிடம் இப்போது சேணத்துக்கு அடியில் போட ஒரு மெல்லிய கம்பளி விரிப்பும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். தோளை மாற்றி எடுத்துவைக்கும் நடைக்குப் பழைய விரிப்பு தடிமனாகத் தெரிகிறது.

இப்போது மண்ணில் பின்பகுதி முதலில் இறங்குகிறாள், சிமென்ட் களத்தில் சமமாக இறங்குகிறாள். பிளவின் ஆழம் பாதி குறைந்துவிட்டது. செங்குத்தான இறக்கத்தில் மட்டும் இன்னும் தயங்குகிறாள். அங்கே இறங்கி நடத்தியே கூட்டிவருகிறேன். குளம்பு மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் வளரும். முனை முழுதும் புதிதாகி வர ஒன்பது மாதம், ஒரு வருடம்கூட ஆகும். கல்பாதைக்கு ரப்பர் குளம்புக் காலணி வாங்கலாமா என்று அளவெடுத்து வைத்திருக்கிறேன். வடிவம் மாறிக்கொண்டிருப்பதால் ஆடி மாதம் அந்தியூர்க் குதிரைச் சந்தை வரை பொறுக்கலாம் என்பது யோசனை. அங்கே குதிரை வளர்ப்பவர்களிடம் காலணி போட்டுப் பார்த்த அனுபவம் கேட்க வேண்டும். உங்களில் யாராவது சிறிய அளவுக் காலணியைச் சரளைப்பாதையில் நீண்ட தூரம் ஓட்டிப் பார்த்திருந்தால், பின்பகுதியில் தோல் உரிகிறதா என்பதை எனக்குச் சொல்லுங்கள்.