ஆடு காத்த ஊர்

கோவையில் நான் பார்த்தது வரைபட வேலை. விமானத்திலிருந்து லேசர் பாய்ச்சி அளந்த இங்கிலாந்து நிலத்தின் தரவு எங்களுக்கு வரும். மரம், கூரை, மின்கம்பி எல்லாவற்றையும் கழித்து வெறுந்தரையை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். சலிப்புத் தட்டுகிற வேலைதான்.

யார்க்‌ஷயர் பக்கத்து மேய்ச்சல் நிலம் வந்தால் மட்டும் நிமிர்ந்து உட்காருவேன். மென்பொருள் வழக்கமாக வடமேற்கில் 45 டிகிரி உயரத்தில் சூரியனை வைத்து நிழல் போடும். அதை 15 டிகிரிக்கு இறக்கினால் முழங்கால் உயர மேடுகூடத் தெரிந்துவிடும். வரிசையாக வீட்டு மனைகள், பின்னால் கொல்லை, நடுவே ஆளும் மாடும் நடந்து நடந்து பள்ளமாகிப்போன தெரு. இடைக்காலத்தில் இருந்து பிறகு காலியான இத்தகைய ஊர்கள் இங்கிலாந்தில் சுமார் 3000.

வயல்கள் இன்னும் சுவாரசியம். உழவுத் துண்டுகள் நேராக ஓடாமல், கண்ணாடியில் பார்த்த 'எஸ்' எழுத்தாக வளைந்திருக்கும். எட்டு மாடுவரை ஜோடி ஜோடியாகப் பூட்டிய நீள ஏர் அது. கோடிக்குப் போனபின் திருப்ப இடம் போதாது. அதனால் கொஞ்சம் முன்னாலேயே இடப்பக்கம் ஒடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு மாட்டு ஏர் பார்த்து வளர்ந்த எனக்கே இது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

ஊர் காலியானது என்றாலே 1348-ல் வந்த கொள்ளைநோய்தான் காரணம் என்பார்கள். யார்க்‌ஷயரில் உள்ள வார்ரம் பெர்சி என்ற ஊரின் கதை வேறு. வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்ட் தொடங்கிவைக்க, தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட் சேர்ந்துகொள்ள, 1950 முதல் 1990 வரை கோடைதோறும் தோண்டிய ஊர் அது. கொள்ளைநோய்க்கு அப்புறமும் ஒன்றரை நூற்றாண்டு அங்கே ஆட்கள் இருந்தார்கள். கம்பளிக்கு நல்ல விலை. 1500 வாக்கில் கடைசிக் குடும்பங்களும் கிளம்ப வேண்டியதாயிற்று, நிலம் ஆட்டுக்குப் போனது. இடைக்காலக் கட்டடங்களில் இன்று கூரையில்லாத தேவாலயம் மட்டும் நிற்கிறது.

வேடிக்கை என்னவென்றால், ஆட்களைத் துரத்திய அதே ஆடுதான் அந்த மேடுகளைக் காப்பாற்றியது. புல் மேய்ந்த நிலத்தில் கலப்பை இறங்கவில்லை. டிராக்டர் ஏறிய இடங்களில் எந்தக் கோணத்தில் சூரியனை வைத்தாலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது.

தரம் பார்ப்பவர்களிடமிருந்து ஒருமுறை குறிப்பு வந்தது: தரை அலை அலையாக இருக்கிறது, நாய்ஸ் (அளவீட்டில் வந்த பிசிறு), மழுங்கடிக்கவும். படைச்சால் எப்படி நாய்ஸ் ஆகும்? நிழல் போட்ட வரைபடங்களை அனுப்பி வாதாடினேன். மேய்ச்சல் நிலத்துக்கு மட்டும் மழுங்கடிக்கும் அளவைக் குறைக்க ஒப்புக்கொண்டார்கள். மற்றதற்கெல்லாம் பழைய அளவே.