தாத்தாவின் மாட்டுக் கொட்டில்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் தாத்தா பேர் போட்டு, அதாவது நாட்கூலிக்கு வேலை செய்து, சம்பாதித்தது அரிசிக்கும் கோதுமை மாவுக்குமே சரியாகப் போனது. பிள்ளைகளின் கொப்பி, சப்பாத்து, தீபாவளித் துணி எல்லாம் லயம் என்ற தொழிலாளர் வரிசை வீடுகளுக்குக் கீழே இருந்த கொட்டில் கொடுத்தவை. 1948இல் இலங்கைக் குடியுரிமை பறிபோன மலையகத் தமிழர் தலைமுறை அவர். மேய்க்க ஓர் அடி மண் சொந்தமில்லை. அப்படி ஒருவர் எப்படி மாடு வளர்த்தார் என்பதை அவர் பேரப்பிள்ளைகளாவது எழுதி வைக்கவேண்டும்.

ஜேர்சிக் கலப்புப் பசுதான் வைத்திருந்தார். பிரீசியன் கூடுதலாகக் கறக்கும். ஆனால் அதன் உடம்புக்குப் புல் சுமக்க ஒரு ஆளின் தலை போதாது. பசுவின் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப் புல் தினமும் வேண்டும். 350 கிலோ மாட்டுக்கு 35 கிலோ. காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு முன்னால் ஒரு கட்டு, வேலை விட்டு வரும்போது ஒரு கட்டு. ஆற்றோரத்திலும் ரோட்டோரத்திலும் அறுப்பார். பழைய தேயிலையைப் பிடுங்கிய மலைகளில் மண் தேறுவதற்காகப் போடும் குவாத்தமாலாப் புல்லையும், தோட்டத்தில் விட்டால், எடுப்பார். களைக்கு மருந்து அடிக்கிறவர்களிடம் அன்று எந்த மலை என்று கேட்காமல் கத்தியை எடுக்கமாட்டார். அடித்த புல் சில நாள் பச்சையாகவே நிற்கும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மே தொடங்கி செப்டெம்பர் வரை அடைமழையில் புல் தளதளவென்று இருக்கும். அதில் பெரும்பகுதி தண்ணீர். வயிறு நிறையும், சத்து சேராது. சாணம் இளகும், பாலில் கொழுப்பு இறங்கும். கொழுப்பைப் பார்த்துத்தான் பாலுக்கு விலை. அதனால் ஈரப்புல்லைக் கொட்டில் பரணில் பரப்பி, அரை நாள் வாடவிட்டுத்தான் போடுவார். புண்ணாக்கும் தவிடும் கறக்கும் பாலுக்கு ஏற்றபடி, ஒவ்வொரு 2 லீற்றருக்கும் ஏறக்குறைய ஒரு கிலோ.

கொட்டில் தரைக்குக் கல் பாவி, மீற்றருக்கு 2 சென்றிமீற்றர் சரிவு விட்டிருந்தார். சரிவு குறைந்தால் மூத்திரம் தேங்கிக் குளம்பு அழுகும். கூடினால் சினை மாட்டுக்குச் சிரமம்.

கறப்பதற்கு முன் மடியைக் கழுவி, துணியால் ஈரம் போகத் துடைப்பார். காம்புக்கு முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பார். திரி திரியாக விழுந்தால் மடிநோய். அந்தக் காம்பைக் கடைசியில் தனியாகக் கறந்து கொட்டிவிடுவார். கறந்து முடித்த பிறகுதான் ஒரு கொத்து நல்ல புல்லைப் போடுவார். காம்புத் துவாரம் மூட அரை மணி நேரமாவது ஆகும். அதற்குள் மாடு படுத்தால் தரையிலுள்ள அழுக்கு உள்ளே ஏறும். புல்லைக் கண்டால் மாடு படுக்காதே!

கன்று போடுவதற்கு 60 நாள் முன்பே பாலை வற்ற வைப்பார். அந்த இரண்டு மாதப் பால்காசு வீட்டுக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தும் ஒரு தடவைகூட நாளைத் தள்ளியதில்லை. கன்று விழுந்த ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் குடித்தாகவேண்டும். நேரம் போகப் போகக் குடல் அதிலுள்ள நோய் எதிர்ப்புச் சக்தியை உறிஞ்சாது. 25 கிலோ கன்றுக்கு முதல் நாளில் 2½ லீற்றர். இளங்கொடி விழாவிட்டால் கல் கட்டித் தொங்கவிடுகிற பழக்கம் லயத்தில் இருந்தது. கருப்பைக்குக் காயம் வரும் என்று அதைத் தடுத்துவிடுவார்.

அவர் மிகவும் பயந்தது கன்று போட்ட மறுநாளைத்தான். நன்றாகக் கறக்கும் பசு திடீரென்று எழும்பாது. காது சில்லிடும், கழுத்து விலாப்பக்கம் மடங்கும். பாலுக்குப் போகும் கல்சியத்தை உடம்பால் ஈடுகட்ட முடியாததால் வருவது அது. வாயில் கசாயம் ஊற்றினால் விழுங்க முடியாமல் நுரையீரலுக்குப் போகும். மிருக வைத்தியர் கல்சியத்தை இரத்தக் குழாயில் மெதுவாக ஏற்றவேண்டும், வேகமாக ஏற்றினால் இதயம் நிற்கும். அவர் வரும்வரை தாத்தா புல் அடைத்த சாக்குகளை இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து, வயிறு ஊதாமல் இருக்க மாட்டை நெஞ்சில் நிமிர்த்தி வைப்பார். பிறகு தன் கம்பளியைக் கழற்றி அதன் முதுகில் போர்த்திவிட்டு, விடியும்வரை பக்கத்திலேயே குந்தியிருப்பார்.