ஸ்டேஜிங் என்று பெயர் வைத்த ப்ராடக்ஷன்

போன வாரம் டீமில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் கேட்டார்: "அண்ணா, எல்லா கிளஸ்டரோட க்யூப்கான்ஃபிக்கையும் ஒண்ணா மெர்ஜ் பண்ணி வெச்சுக்கலாமா?" வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டார், சட்டென்று பதில் வரவில்லை. பதில் இருக்கிறது, ஆனால் அது ஒரு பழைய கதை, டீக்கடையில் நின்றுகொண்டு சொல்லும் நீளம் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

குபர்னெட்டீஸ், அதாவது பல சர்வர்களை ஒரு கூட்டமாக (கிளஸ்டராக) இணைத்து அப்ளிகேஷன்களை ஓட்டும் சிஸ்டம், புழங்குபவர்களுக்கு இந்த க்யூப்கான்ஃபிக் ஃபைல் தெரிந்ததுதான், எந்த கிளஸ்டருக்குள் யாராகப் போவது என்பது அதில்தான் இருக்கும். ஹோம் டைரக்டரியில் டாட் க்யூப் என்ற மறைவான ஃபோல்டர், அதற்குள் கான்ஃபிக் என்ற பெயரில் ஒரு யாமல் ஃபைல். உள்ளே மூன்று பட்டியல்கள். கிளஸ்டர்கள், அதாவது சர்வர் முகவரியும் அதன் சிஏ (சர்டிஃபிகேட்டுகளுக்குக் கையெழுத்துப் போடும் அதிகாரம்) சர்டிஃபிகேட்டும். யூசர்கள், அதாவது நம்முடைய சர்டிஃபிகேட்டும் கீயும், அல்லது டோக்கன். மூன்றாவது கான்டெக்ஸ்ட், இது இந்த கிளஸ்டருக்கு இந்த யூசர் என்று முடிச்சுப் போட்டுவைப்பது, வேண்டுமானால் ஒரு நேம்ஸ்பேஸும் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப்பகுதி) சேர்த்து. முடிச்சு பெயரை வைத்துத்தான் போடப்படுகிறது என்பதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கதையே அதில்தான் இருக்கிறது.

சில வருடங்களுக்கு முன்பு வேறொரு இடத்தில் வேலை பார்த்தபோது எங்களிடம் இரண்டு கிளஸ்டர்கள், சோதித்துப் பார்க்க ஸ்டேஜிங் ஒன்று, நிஜப் பயனர்களுக்கு ப்ராடக்ஷன் ஒன்று. இரண்டுமே கிளஸ்டர் நிறுவும் க்யூப்அட்மின் என்ற டூலை வைத்துக் கட்டியவை. க்யூப்அட்மின் தானாக உருவாக்கித் தரும் அட்மின் ஃபைலில் கிளஸ்டரின் பெயர் வெறும் 'குபர்னெட்டீஸ்', யூசரின் பெயர் 'குபர்னெட்டீஸ்-அட்மின்', கான்டெக்ஸ்ட் இரண்டையும் ஒட்டவைத்த பெயர். எந்த கிளஸ்டரிலிருந்து எடுத்தாலும் இதேதான். ஒரு தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே கதவு எண் மாதிரி.

இரண்டும் ஒரே பெயரில் இருந்தால் குழம்பும் என்பது எனக்கும் தெரியும். அதனால் புத்திசாலித்தனமாக, ஒவ்வொரு ஃபைலிலும் ரீநேம்-கான்டெக்ஸ்ட் கமாண்டைப் போட்டு ஒன்றுக்கு 'ப்ராட்', மற்றதற்கு 'ஸ்டேஜிங்' என்று பெயர் மாற்றினேன். அப்புறம் ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களை எல்லாம் வரிசையாகக் கோலன் போட்டுக் கோத்து, க்யூப்கான்ஃபிக் என்ற என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்துவிடும். கிளஸ்டருக்குக் கட்டளை கொடுக்கும் டூலான க்யூப்சிடிஎல் அந்த வரிசையைப் படித்து, தானே மெர்ஜ் செய்துகொள்ளும். கெட்-கான்டெக்ஸ்ட்ஸ் அடித்தால் ப்ராட், ஸ்டேஜிங் என்று இரண்டும் அழகாக வரிசையில் நின்றன. திருப்தி.

ஒரு மத்தியான வேளை, ஸ்டேஜிங்கில் ஒரு மைக்ரேஷன் சோதிக்க வேண்டியிருந்தது. கான்டெக்ஸ்டை ஸ்டேஜிங்குக்கு மாற்றினேன். சரியாக மாறியதா என்று ஒருமுறை பார்க்கவும் செய்தேன், கரன்ட்-கான்டெக்ஸ்ட் 'ஸ்டேஜிங்' என்றுதான் சொன்னது. ஆர்டர் சர்வீஸின் ரெப்ளிக்காவைப் பூஜ்யமாக்கினேன், அதாவது ஓடிக்கொண்டிருந்த அதன் பிரதிகள் எல்லாவற்றையும் நிறுத்தினேன். இரண்டு நிமிடம் இருக்கும், எங்கள் லீட் எழுந்து நின்று, "ப்ராட்ல யாராவது கை வெச்சீங்களா?" என்றார். நான் இல்லவே இல்லை என்று தலையாட்டினேன், மனப்பூர்வமாகத்தான். கொஞ்ச நேரம் கழித்து ஏதோ உறுத்தி கிளஸ்டர்-இன்ஃபோ அடித்துப் பார்த்தேன். திரையில் வந்தது ப்ராடக்ஷன் சர்வரின் ஐபி. வயிற்றைக் கலக்கியது.

நடந்தது இதுதான். ரீநேம்-கான்டெக்ஸ்ட் மாற்றுவது கான்டெக்ஸ்டின் பெயரை மட்டும். அதற்குள் இருக்கும் கிளஸ்டர் பெயரும் யூசர் பெயரும் அப்படியே கிடக்கும். மெர்ஜ் ஆகும்போது விதி என்னவென்றால், ஒரே பெயரில் இரண்டு வந்தால் வரிசையில் முதலில் வந்த ஃபைல் ஜெயிக்கும், பின்னால் வந்தது சத்தமில்லாமல் விடப்படும், எரர் கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. என் ஸ்கிரிப்ட் ஃபைல்களை எடுத்ததோ ஆங்கில அகரவரிசையில், அதில் ப்ராட் முன்னால், ஸ்டேஜிங் பின்னால். ஆக 'ஸ்டேஜிங்' என்ற கான்டெக்ஸ்ட் 'குபர்னெட்டீஸ்' என்ற கிளஸ்டரைத் தேடிப்போய், ப்ராடக்ஷன் வாசலில் நின்று, ப்ராடக்ஷன் அட்மினின் சாவியைப் போட்டே திறந்திருக்கிறது.

யூசர் பெயர் மட்டும் மோதியிருந்தால் தப்பித்திருப்பேன். ஸ்டேஜிங் கிளஸ்டருக்கு ப்ராடக்ஷன் சர்டிஃபிகேட்டைக் காட்டினால் சிஏ வேறு என்பதால் உள்ளே விடாது, அங்கேயே எரர் வந்து நின்றிருக்கும். இரண்டும் சேர்ந்து மோதியதால் எல்லாம் கச்சிதமாக வேலை செய்தது. கெட்-கான்டெக்ஸ்ட்ஸ் பட்டியலில் இதற்கான தடயமும் இருந்தது, இரண்டு வரியிலும் கிளஸ்டர் என்ற நெடுவரிசையில் ஒரே பெயர். தினமும் பார்த்தேன், கண்ணில் படவில்லை.

டெர்மினல் ப்ராம்ப்ட்டில் கான்டெக்ஸ்ட் பெயரைக் காட்டும் டூல் ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள், ப்ராடக்ஷன் என்றால் சிவப்பாகக் காட்டும் என்று பலரும் சொல்வார்கள். நல்ல பழக்கம்தான், ஆனால் எனக்கு அன்றைக்கு அது பச்சையில் 'ஸ்டேஜிங்' என்றே காட்டியிருக்கும்.

இப்போது நான் செய்வது, ஒரு கிளஸ்டருக்கு ஒரு ஃபைல், மெர்ஜ் கிடையாது. புது கிளஸ்டர் ஃபைல் கைக்கு வந்தவுடன் எடிட்டரில் திறந்து கிளஸ்டர், யூசர், கான்டெக்ஸ்ட் மூன்றின் பெயரையும், கான்டெக்ஸ்டுக்குள் அவற்றைச் சுட்டும் இடங்களையும் மாற்றிவிடுவேன். ரீநேம்-கிளஸ்டர் என்று ஒரு கமாண்ட் கிடையாது, கையால்தான். கே3எஸ் (குபர்னெட்டீஸின் ஒரு இலகு வடிவம்) பயன்படுத்துபவர்களுக்கு இந்த வேலை இன்னும் அவசியம், அதில் எல்லாவற்றுக்கும் பெயர் 'டீஃபால்ட்', சர்வர் முகவரியும் 127.0.0.1 என்று, அதாவது அதே மெஷினைச் சுட்டுவதாக, இருக்கும்.

ஷெல்லில் ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதி வைத்திருக்கிறேன். கிளஸ்டர் பெயரைச் சொன்னால் அந்த டெர்மினலுக்கு மட்டும் வேரியபிளை மாற்றிவிட்டு, சர்வர் முகவரியை ஒருமுறை அச்சடித்துக் காட்டும். டெர்மினலுக்கு மட்டும் என்பது முக்கியம். கரன்ட்-கான்டெக்ஸ்ட் என்பது ஃபைலுக்குள் எழுதப்படும் ஒரு வரி, அதனால் ஒரே ஃபைலை வைத்துக்கொண்டு ஒரு ஜன்னலில் கான்டெக்ஸ்டை மாற்றினால், பக்கத்து ஜன்னலிலும் மாறிவிடும். கான்டெக்ஸ்ட் மாற்ற உதவும் க்யூப்சிடிஎக்ஸ் டூலும் அதே வரியைத்தான் மாற்றுகிறது. ஃபங்ஷன் எல்லாம் எழுத வேண்டாம் என்றால் க்யூபி என்று ஒரு டூல் இருக்கிறது, ஒவ்வொரு கான்டெக்ஸ்டுக்கும் தனி ஷெல் திறந்து தரும்.

டீஃபால்ட் இடத்தில் இருந்த ஃபைலை அழித்தே விட்டேன். எதையும் தேர்வு செய்யாமல் க்யூப்சிடிஎல் அடித்தால் லோக்கல்ஹோஸ்ட் 8080 கிடைக்கவில்லை என்று புலம்பும். அந்த எரரைப் பார்த்தால் இப்போதெல்லாம் நிம்மதியாக இருக்கிறது.

இன்னொரு விஷயம், இது பெயர் குழப்பத்தைவிடப் பெரியது. அந்த ஃபைலுக்குள் இருக்கும் கீ வெறும் பேஸ்64, பார்க்கக் கிறுக்கல் மாதிரி இருந்தாலும் யாரும் ஒரு நொடியில் பிரித்துவிடலாம். பெர்மிஷன் 600 (உரிமையாளர் மட்டும் படிக்க, எழுத) வையுங்கள், இல்லாவிட்டால் குபர்னெட்டீஸில் பேக்கேஜ் நிறுவும் டூலான ஹெல்ம் ஒவ்வொரு முறையும் திட்டும், திட்டுவது நியாயம்தான். சாட்டில் அனுப்பாதீர்கள், கிட் ரெப்போவில் போடாதீர்கள். ஏனென்றால் க்ளையன்ட் சர்டிஃபிகேட்டை குபர்னெட்டீஸில் ரத்து செய்ய வழியே இல்லை. சாதாரண யூசர் என்றால் ஆர்பிஏசி (யாருக்கு என்ன உரிமை என்ற விதிகள்) பைண்டிங்கைப் பிடுங்கிவிடலாம். பழைய க்யூப்அட்மின் தந்த அட்மின் ஃபைலோ 'சிஸ்டம்:மாஸ்டர்ஸ்' குழுவில் இருக்கும், அந்தக் குழுவை ஆர்பிஏசி கட்டுப்படுத்தவே முடியாது. அதை லேப்டாப்பில் வைத்திருந்தவர் வேலையை விட்டுப் போனால், ஒன்று மொத்த சிஏவையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வருடம் கழித்து சர்டிஃபிகேட் காலாவதியாகும்வரை காத்திருக்க வேண்டும். 1.29 பதிப்பில் இதைத் திருத்தினார்கள், அந்த சர்வ வல்லமை சூப்பர்-அட்மின் என்ற தனி ஃபைலுக்குப் போய்விட்டது, வழக்கமான அட்மின் ஃபைல் ஆர்பிஏசிக்குக் கட்டுப்படும். அந்த சூப்பர்-அட்மின் ஃபைலை சர்வரைவிட்டு வெளியே எடுக்காதீர்கள்.

கிளவுடில் இந்தத் தலைவலி குறைவு. அமேசானின் குபர்னெட்டீஸ் சேவையான இகேஎஸ் தரும் ஃபைலில் ரகசியம் எதுவும் இருக்காது, கமாண்ட் ஒன்றை ஓட்டி டோக்கன் வாங்கிக்கொள் என்ற குறிப்பு மட்டும்தான், அந்த டோக்கனுக்கு ஆயுள் 15 நிமிடம். ஆனால் இதிலேயே ஒரு வம்பும் உண்டு. ஃபைலுக்குள் எழுதியிருக்கும் கமாண்ட் நம் மெஷினில் நம் பெயரில் ஓடுகிறது என்றால், யாரோ அனுப்பிய ஃபைலைத் திறந்து பார்க்காமல் பயன்படுத்துவது, முன்பின் தெரியாதவர் தந்த ஸ்கிரிப்ட்டை ஓட்டுவதற்குச் சமம்.

தம்பி, இவ்வளவுக்கும் பிறகு மெர்ஜ்தான் வேண்டும் என்றால் பெயர்களை எல்லாம் மாற்றிவிட்டு, கான்ஃபிக் வியூவுக்கு ஃப்ளாட்டன் (எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகத் தரும் ஆப்ஷன்) கொடுத்து வரும் அவுட்புட்டை வேறொரு ஃபைலில் எழுது. படிக்கிற ஃபைலுக்கே திருப்பிவிட்டால், க்யூப்சிடிஎல் அதைப் படிக்கும் முன்பே ஷெல் துடைத்து வைத்துவிடும். பழைய பேக்கப்பைத் தேடி நான் ஒரு சாயங்காலம் முழுக்க அலைந்திருக்கிறேன்.